எல்லாருக்கும் ஒரே எண்

காலை பத்து மணி. தேர்வு அலுவலகத்தின் வினாத்தாள் இணையத்தில் ஊர் சிரிக்கக் கிடந்தது. பதினொன்றுக்குள் பழி டைப்பிஸ்டின் தலையில் விழுந்துவிட்டது.

தினமும் அவளோடு சாப்பிடுகிறவர்களே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். வேலை போவதோடு முடியாது, ஜெயில். அவள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் நெட்வொர்க் பொறியாளர் முந்திக்கொண்டார்.

“வினாத்தாளை நேத்து சாயங்காலம் ஏத்தினது இந்த முகவரி எண்ல இருந்துதான்னு இணையதளத்துக்காரங்க சொல்றாங்க மேடம். இந்தம்மா கம்ப்யூட்டரைப் பாருங்க.”

முகவரி எண்ணைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று திரையில் திறந்திருந்தது. அதே எண்.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டா!” என்றார் மேலாளர். “இவர் கெட்டிக்காரர் மேடம். எங்களுக்கெல்லாம் நெட் விட்டு விட்டு வரும். இவருக்கு மட்டும் அறுபடவே அறுபடாது.”

“ஏம்மா, நீதானா?”

“இல்ல மேடம்.”

“உனக்காகப் பேச யாராவது இருக்காங்களா?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அடுத்த மேசைக் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தார். அதே எண். மேலாளரின் கணினியிலும் அதுவே.

“ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலைங்க!” என்றார் மேலாளர்.

“பதறாதீங்க. உள்ளே ஆளுக்கொரு எண். வெளியே போறப்ப, வாசல்ல காவல் நிக்கிற ஃபயர்வால் கருவி அதை மறைச்சு, எல்லாருக்கும் ஒரே எண்ணை மாட்டி அனுப்பும். வர்ற பதில் யாருக்குன்னு தெரியணுமே? அதுக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியா ஒரு போர்ட் எண் போட்டுக் குறிச்சு வச்சுக்கும். சரிதானே தம்பி?”

பொறியாளர் தலையாட்டினார். “அந்தக் குறிப்பெல்லாம் அழிஞ்சிடுச்சு மேடம்.”

“அழிச்சாச்சுன்னு சொல்லுங்க. இணையதளத்துக்காரங்ககிட்ட நானும் கேட்டேன், போர்ட் எண்ணையும் கொடுத்தாங்க. நீங்கதான் அதை முழுங்கிட்டீங்க. ஃபயர்வால் அமைப்பைத் திறங்க.”

திறந்தார். நெரிசலில் இணைப்பு அறுபடாமல் இருக்க, சில போர்ட் எண்கள் ஒரே ஒரு கணினிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. இணையதளம் சொன்ன எண் அவற்றில் ஒன்று. கணினி, பொறியாளருடையது.

“இந்தம்மா எடுக்கலை, நீங்கதான். இது உங்க சொகுசுக்குப் போட்ட தனி வழி. குறிப்பை அழிச்சவர் வழியை மூட மறந்துட்டீங்க. ஆனா எனக்கு முதல்லயே சந்தேகம். மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். இது உங்க தொழில். எல்லாருக்கும் ஒரே எண்தான்னு தெரிஞ்சும், ஏன் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் காட்டினீங்க?”

கேட்பாரில்லாத ஒருத்தியின் கணினி அது.

பொறியாளரைக் கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் கிளம்பியதும் நாற்காலிகள் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தன. அவள் எழுந்து வாசல்வரை இன்ஸ்பெக்டரின் பின்னால் ஓடினாள்.

“மேடம்…”

“என்னம்மா?”

“நான் எடுக்கலைன்னு இன்னொரு தடவை சொல்றீங்களா?”