சாம்பல் நிறத்தில் ஒரு பாட்டு!

வெங்கடராமனின் தலை கடைசிப் படியில் மோதிய சத்தம், மும்பை மாட்டுங்காவின் மழைச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மேல்படியில் பாகீரதி நின்றிருந்தாள்.

இரண்டு கைகளும் இன்னமும் முன்னால் நீட்டியபடி...

அவள் அலறினாள். ஆனால் உடனே அல்ல!

தள்ளியதற்கும் அலறியதற்கும் நடுவில் ஒரு மௌனம் இருந்தது. அந்த மௌனத்தில் அவள் தன் விரல்களைப் பார்த்தாள். காபிப் பொடி ஒட்டியிருந்தது. கீழே கிடந்த கணவர் எழுந்துவிடுவார், முழங்காலைத் தட்டிக்கொள்வார் என்று காத்திருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான்...

"ஐயோ! யாராவது வாங்கோளேன்!"

*

சப்-இன்ஸ்பெக்டர் கணேசபாண்டியன் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் மட்டும் திருநெல்வேலி ஒட்டிக்கொண்டிருந்தது.

படிகளைப் பார்த்தார். ஈரம். பிடிமானம் ஆடிப்போன பழைய கட்டடம். பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த செல்போன்.

"வழுக்கிட்டாரும்மா... விபத்துன்னே எழுதிக்கிடுதோம். பிள்ளைங்களுக்குச் சொல்லியாச்சா?"

"பிள்ளை இல்லை."

சொன்ன வேகத்தில் அவர் நிமிர்ந்தார்.

"ஒருத்தன் இருந்தான்... இப்போ இல்லை."

செத்துப்போய்விட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

ஷ்ரவண் சாகவில்லை. அஃப்ஷா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவ்வளவுதான். 'இந்த வீட்டில் அவன் பேரை எடுத்தால் நான் இருக்கமாட்டேன்' என்று அன்றைக்கே பாகீரதி சொல்லிவிட்டாள். வெங்கடராமன் எடுக்கவில்லை. பெங்களூரில் இருக்கிறான் என்று யாரோ சொல்லிக் கேள்வி.

கொள்ளி வைத்தது வெங்கடராமனின் தம்பி மகன்.

*

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை.

பாகீரதி அடுப்படியிலிருந்த டேப்லெட்டைத் தொட்டாள். பாட்டு ஆரம்பித்தது.

பாட்டுக் கணக்கு வெங்கடராமனின் பெயரில் இருந்தது. அவர் போனில் சேர்க்கும் பாட்டு இவள் டேப்லெட்டிலும் வரும். ஆனால், ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். ரயிலில் அவர் பாட்டுப் போட்டால் அடுப்படியில் இவள் பாட்டு நின்றுவிடும்.

"ஏன்னா! சுப்ரபாதத்தைப் பாதில நிறுத்திட்டேளே!" என்று போன் போட்டுக் கத்துவாள்.

"ஸாரிடி... தாதர் வந்துடுத்து. இறங்கிடறேன். நீ கேளு."

இனிமேல் யாரும் நிறுத்தப்போவதில்லை. பாட்டு முழுசாக ஓடும்.

அப்போது...

பாட்டு நின்றது!

திரையில் ஒரு வரி.

'வேறொரு கருவியில் ஒலிக்கிறது - சான்பாடா.'

செத்துப்போனவரின் கணக்கில் யாரோ பாட்டுக் கேட்கிறார்கள்!

நவி மும்பையில் இருக்கும் அந்த இடத்தின் பெயர் அவளுக்குப் புதிதல்ல. அவர் விழுந்த அந்தச் சனிக்கிழமை காலையும் இதே வரிதான் வந்தது. அன்றைக்கே துழாவிப் பார்த்தாள். அவள் அதுவரை பார்த்திராத ஒரு பாட்டு வரிசை. பெயர் 'குட்டிக்கு'. எல்லாமே தாலாட்டு! கடைசியாக ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. 'பழைய கேசட்' என்று பெயர். தொட்டாள்.

'இந்தப் பாட்டு இந்தக் கருவியில் இல்லை.'

சான்பாடாவில் ஒரு வீடு. அதில் ஒரு குழந்தை. சனிக்கிழமைதோறும் லைப்ரரிக்கு என்று கிளம்பிப்போகும் கணவர்! இன்னும் என்ன தெரிய வேண்டும்?

குடையோடு படியிறங்கப் போனவரை ஓடிப்போய் மறித்தாள்.

"சான்பாடால யாரு?"

அவர் முகம் வெளுத்தது.

"பாகீ... உள்ள போய்ப் பேசலாம்."

"குழந்தை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ!"

அவர் குடைக் கைப்பிடியைத் தடவினார். வாழ்நாளெல்லாம் அவள் பார்த்துப் பழகிய தயக்கம்.

"இருக்கு."

அவள் கைகள் நீண்டன...

இப்போது அவர் இல்லை. அந்தச் சான்பாடாக்காரி மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சௌக்கியமாக, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு!

பாகீரதி போனை எடுத்தாள்.

"சார்... அது விபத்தில்லை. கொலை!"

*

"ஒரு பொம்மனாட்டி சார். படியில அவர் கூட சண்டை போட்டுண்டிருந்தா. நான் கதவைத் திறந்தேன்... தள்ளிட்டு ஓடிட்டா."

கணேசபாண்டியன் காபியைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"குடும்ப மானம் போயிடுமேன்னு வாயை மூடிண்டிருந்தேன்."

"ஆள் யாருன்னு தெரியுமா?"

"மூஞ்சி சரியாத் தெரியலை. ஆனா சான்பாடால இருக்கா. குழந்தையோட தனியா இருக்கா. இவர்தான் வச்சுண்டிருந்தார்." டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினாள். "இதோ பாருங்கோ. அன்னிக்கும் இப்படித்தான் என் பாட்டு நின்னுது. சான்பாடான்னு வந்தது. நின்ன கையோட கதவைத் திறக்கறேன்... படியில அவா ரெண்டு பேரும்!"

கணேசபாண்டியன் டேப்லெட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் டேப்லெட்டைப் பார்த்தார்.

மழை பெய்துகொண்டிருந்தது.

"நின்ன கையோடயாம்மா?"

"ஆமா."

"சரி. சைபர் செல்லுல சொல்லி விலாசம் வாங்குதேன். நீங்களும் வாங்க. அடையாளம் காட்டணும்லா?"

"வரேன்!" என்றாள் பாகீரதி. அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கையில் விலங்கு ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும். அது போதும் அவளுக்கு.

*

சான்பாடா. நாலாவது மாடி.

மூடிய கதவுக்குப் பின்னால் மெல்லிசாகப் பாட்டுச் சத்தம்.

"இதான் வீடு சார்!" கான்ஸ்டபிள் மகேஷ்குமார் கிசுகிசுத்தான். அவனும் மும்பைத் தமிழன்தான், சுனாபட்டிப் பையன். "கதவை உடைச்சிரலாமா?"

"மணி இருக்குல்லாவே... அதை அமுக்கு. சினிமா பாத்தே கெட்டுப்போனீரு."

கதவு திறந்தது.

பாகீரதி ஓரடி பின்வாங்கினாள்.

ஷ்ரவண்!

அவன் காக்கிச் சட்டைகளைக் கவனிக்கவே இல்லை. அவன் கண்ணில் அம்மா மட்டும்தான் விழுந்தாள்.

"அம்மா! அப்பா சொல்லிட்டாரா? கூட்டிண்டே வந்துட்டாரா? அஃப்ஷா... ஜல்தி ஆ! அம்மா வந்திருக்கா!" அவன் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். "அப்பா எங்க? ஆட்டோக்காரன் கூட சில்லறைக்குச் சண்டையா?"

உள்ளிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள்.

"உள்ள வாங்கோ மம்மி! நீங்க ஒருநாள் வருவேள்னு டாடி சொல்லிண்டே இருந்தா!"

வெங்கடராமன் சொல்லிக்கொடுத்த தமிழ். அவருடைய இழுப்புகூட அப்படியே இருந்தது.

"குட்டிக்கு ஆண்டு நிறைவு வரதும்மா," ஷ்ரவண் மூச்சுவிடாமல் பேசினான். "அன்னிக்கு உன்கிட்ட சொல்லி அழைச்சுண்டு வரேன்னார். அதுவரைக்கும் மாட்டுங்கா பக்கமே வரப்படாதுன்னார். திடீர்னு போன் ஸ்விட்ச் ஆஃப்! உனக்குத் தெரிஞ்சுபோய் ரகளையாயிடுத்துன்னு நினைச்சேன். தினம் அப்பா கணக்குல பாட்டு மட்டும் போடுவேன்... அங்க பாட்டு நின்னா, நாங்க இருக்கோம்னு அப்பாக்குப் புரியுமேன்னு..."

சட்டென்று நிறுத்தினான்.

அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டான்.

"அம்மா... குங்குமம்..."

எதிர்வீட்டில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"போன மாசம் தம்பி," என்றார் கணேசபாண்டியன் தணிந்த குரலில். "ஒரு சனிக்கிழமை காலைல. படியில."

ஷ்ரவண் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

குழந்தை வீறிட்டது. அஃப்ஷா அழுதுகொண்டே, பழகிய கையால் மேஜையிலிருந்த ஸ்பீக்கரைத் தட்டினாள்.

கேசட்டின் கரகரப்பு. பிறகு ஒரு பெண்குரல்...

ஆராரோ... ஆரிரரோ...

இளமையான குரல். சுருதி கொஞ்சம் விலகியது. நடுவில் இருமியது. பிறகு ஓர் ஆண்குரல் சிரித்தபடி:

"பாகீ... இன்னொரு தடவை பாடேன். பையன் இன்னும் முழிச்சுண்டிருக்கான்."

பாகீரதி காதைப் பொத்திக்கொண்டாள்.

அவளுடைய குரல். ஷ்ரவண் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் பாடியது!

"அப்பாதான் அந்தக் கேசட்டைப் பென்டிரைவ்ல மாத்திண்டு வந்தார்," ஷ்ரவண் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கடைப்பாட்டுன்னா எல்லா இடத்துலயும் வரும். இது எங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. மத்த இடத்துல பேர் மட்டும்தான் தெரியும். 'பாட்டி குரலைக் கேட்டாத்தான் குட்டி தூங்கறது, இதை உங்கம்மா கேட்டா ஓடி வந்துடுவா'ன்னார்..."

சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த அந்த ஒரு வரி.

அது மட்டும் அன்றைக்குப் பாடியிருந்தால்!

கணேசபாண்டியன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அஃப்ஷாம்மா... அந்தச் சனிக்கிழமை காலைல பாட்டுப் போட்டது யாரு?"

"நான்தான் சார். ஷ்ரவணுக்கு மார்னிங் ஷிஃப்ட். தாத்தா வரான்னு சொல்லி, குட்டியை மடியில வச்சிண்டு போட்டேன்." அவள் உதடு கோணியது. "தாத்தா வரலை."

கணேசபாண்டியன் பாகீரதியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"நான் விபத்துன்னு எழுதி மூடிட்டேம்மா. நீங்களாத்தான் கொலைன்னு திறந்தீங்க. பாட்டு நின்ன கையோட கதவைத் திறந்தேன்னு சொன்னீங்க. ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் பாடுமாம். மனுசங்களும் அப்படித்தானம்மா! இவ இங்க பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்தா... அங்க படியில அவர்கூட நின்னது யாரு?"

ஸ்பீக்கரில் வெங்கடராமன் மறுபடியும் சிரித்தார்.

பாகீரதி தன் கைகளைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. காபிப் பொடி என்றைக்கோ போய்விட்டது.

"குழந்தை இருக்குன்னுதான் சொன்னார்," என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "யாரோடதுன்னு சொல்றதுக்குள்ள... நான்தான் சார் தள்ளிட்டேன்."

அஃப்ஷா குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். ஷ்ரவண் நிமிரவே இல்லை.

பாகீரதி குழந்தையின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். தொடவில்லை. கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வீறிட்ட குழந்தை இப்போது விசும்பிக்கொண்டிருந்தது. கண்கள் சொக்கத் தொடங்கியிருந்தன. கேசட்டிலிருந்த அந்தக் குரல்தான் அதைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தது.

மகேஷ்குமார் ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டினான்.

"சார், சாட்சிப் பொருளாச்சே... ஆஃப் பண்ணி எடுத்துக்கிடவா?"

"தொடாதேயும்வே!" என்றார் கணேசபாண்டியன். "இன்னைக்கு இந்தக் குடும்பத்துல ஒரு ஆளாவது தூங்கட்டும்."