குழாயில் தட்டுகிறவன்

பன்னிரண்டாம் நாளும் சாரா உப்பில்லாத கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நண்பகல் தாண்டியிருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆடிக் காற்று, தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூளைக் கிளப்பிக்கொண்டு வந்து அவள் புருவத்திலும் தூக்கின் மூடியிலும் பூசியிருந்தது.

வெள்ளைக்காரன் காலத்து வார்டு அது. உயரமான கூரை, இரும்புக் கட்டில்கள், பினாயில் வாசனை. கோடியில் இருந்த சின்ன அறையில் அவள் புருஷன் வால்டர் படுத்திருந்தான். சாரா முதலில் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கண்ணாடி ஜாடியைத்தான் பார்ப்பாள். சுரங்கத்தில் பாறை வெடித்து வால்டரின் இரண்டு தொடைகளும் பத்தொன்பது மணி நேரம் கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. நசுங்கிய சதையின் விஷம் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் நின்றுபோனது. முதல் எட்டு நாள் ஜாடி காலி. ஒன்பதாம் நாள் ஒரு டம்ளர் வந்தது. இன்றைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல்.

"சிஸ்டர், பாருங்க. ரொம்பிடுச்சு" என்றாள் நர்ஸ் ஞானசுந்தரியிடம். "இன்னைக்காவது எடுத்துடுவாங்களா?"

"நீங்க வந்தா ஜாடி, போனா ஜாடி. மனுஷன் முகத்தைக் கொஞ்சம் பாருங்க சாராம்மா."

எடுக்க வேண்டியது அவன் வயிற்றில் இருந்த குழாயை. தொப்புளுக்குக் கீழே ஓட்டை போட்டு அதைச் செருகியிருந்தார்கள். இரும்பு ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கிய இரண்டு பாட்டில்களிலிருந்து மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும். அரை மணி நேரம் உள்ளேயே நிற்கும். பிறகு ரத்தத்தின் அழுக்கை வாங்கிக்கொண்டு தரையில் இருக்கும் பாட்டிலுக்குக் களகளவென்று ஓடி வரும். உடனே அடுத்த இரண்டு பாட்டில். தண்ணீர் நிறையும்போதெல்லாம் வால்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான்.

டாக்டர் நாகேஷ் வந்ததும் சாரா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு பார்க்கலாம்மா" என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"நாலு நாளா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. அவரு நல்லா ஒண்ணுக்குப் போறாரு. இன்னும் இன்னாத்துக்கு வவுத்துல தண்ணி ஊத்துறீங்க?"

"ஒண்ணுக்கு வர்றது வேற, ரத்தம் சுத்தமாகுறது வேற. பம்ப் தண்ணி தூக்குதுன்னா சுரங்க ஷாஃப்ட் காஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? அவசரப்பட்டு நிறுத்தினா விஷம் ஏறும். வேணாத நாளும் ஓட்டினா அந்த ஓட்டை வழியா கிருமி போகும், பிரஷர் விழும். எழுந்துக்குற கிட்னியை நாமே அடிச்சு உட்கார வைப்போம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த நாள் நிறுத்தணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் எழுதலம்மா. எழுதியிருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

இரண்டு மணிச் சங்கு ஊதியது. பகல் ஷிப்ட் முடிகிற சங்கு. அதன் இழுவை அடங்கி, வார்டே ஒரு கணம் ஓய்ந்தது.

டங்.

இரும்பில் இரும்பு பட்ட சத்தம். ஒரே ஒரு தடவை. ஸ்டாண்டில் பாட்டில்கள் லேசாக ஆடின. யாரும் அதைத் தொடவில்லை.

தரைப் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்கியது. ஞானசுந்தரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. டாக்டரின் முகம் சுருங்கியது.

"கிருமியா இருக்கலாம். இன்னைக்கு முடிவு கிடையாது. லேபுக்கு அனுப்புங்க."

சாராவுக்கு அழுகை வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் லேபிலிருந்து பதில் வந்தது. கிருமி ஒன்றும் இல்லை. பார்த்தால் மண் மாதிரி இருக்கிறது, பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லையா என்று கேட்டிருந்தார்கள். ஞானசுந்தரி கோபத்தில் வார்டு முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அன்றும் இரண்டு மணிச் சங்கு ஊதியது. அன்றும் ஸ்டாண்டில் ஒரு தட்டு. அன்றும் பாட்டிலின் அடியில் சாம்பல் வண்டல்.

வால்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நிறுத்தச் சொல்லாதே சாரா."

"இன்னாங்க பேசுறீங்க? இந்த வலியை எதுக்குத் தாங்கணும்?"

"இது ஓடுற வரைக்கும் அவன் ஒண்ணு மட்டும்தான் தட்டுவான்."

அவள் தங்கவயலில் பிறந்த பெண். அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். கீழே மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயில் தட்டுவார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு. மேலே இருப்பவர்கள் அதே கணக்கில் திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டினால், கேட்டுவிட்டது, வருகிறோம், தோண்டுவதை நிறுத்த மாட்டோம் என்று அர்த்தம். அப்படிப் பதில் கொடுத்த பிறகு கைவிட்டுப் போனவன் இந்த ஊரில் இல்லை.

"ராஜப்பாவா?" என்றாள், உதடு மட்டும் அசைய.

ராஜப்பா அவனுடைய ஜோடி ஆள். அதே வெடிப்பில் கல்லுக்கு அந்தப் பக்கம் மாட்டியவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

வால்டர் கூரையைப் பார்த்தபடியே சொன்னான். மீட்க வந்தவர்கள் அவனை நெருங்கியபோது குழாயில் சத்தம் அடங்கியிருந்தது. ஜாக்கி போட்டு அவன் மேல் கிடந்த கல்லைத் தூக்கினால், அந்தப் பக்கத்துக் கூரை சரிந்து விழும். ராஜப்பா உயிரோடிருந்தால் ஜாக்கி போட முடியாது. சுற்றி வழி வெட்ட வேண்டும், இன்னொரு முழு நாள் ஆகும். அதுவரை வால்டர் கல்லுக்கு அடியிலேயே கிடக்க வேண்டும். சத்தம் இன்னும் வருதா என்று கேட்டார்கள்.

"நின்னுபோச்சுன்னு சொன்னேன்."

"நிஜமாவே நின்னுதா?"

"அவங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கூட தட்டினான். ரெண்டு தட்டு. என்னையும் சேர்த்துதான் எண்ணினான்." அவன் போர்வை விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஜாக்கி போட்டப்போ ரெண்டு மணி. இந்தத் தண்ணி ஓடுற சத்தம் கேட்டா, இன்னும் தோண்டுறாங்கன்னு நினைச்சுக்குறான். நின்னுடுச்சுன்னா தெரிஞ்சுக்குவான்."

அன்று வெளியே வரும்போது வராந்தா தூணருகே பழனியம்மா நின்றிருந்தாள். ராஜப்பாவின் மனைவி. தினமும் வருவாள். உள்ளே வரமாட்டாள்.

"அக்கா, அண்ணன் எதனா சொன்னாரா? கடைசியா அவரு தட்டினாரா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். கனவுல வந்து தட்டிக்கினே இருக்காரு."

சாரா வாயைத் திறந்தாள். கண்ணெதிரே ஜாடியும் பாட்டிலும் வால்டரின் கடித்த பல்லும் வந்து நின்றன. இதையும் சொல்லிவிட்டால் ஊரே வார்டு வாசலில் வந்து நிற்கும்.

"நின்னுபோச்சாம்மா. அவங்க வர்றதுக்கு முன்னாடியே நின்னுபோச்சாம்."

பழனியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு போனாள்.

பதினான்காம் நாள் காலையில் டாக்டர் நாகேஷ் சிரித்துக்கொண்டே வந்தார். ஜாடியில் இரண்டு லிட்டர். ரத்தத்தில் யூரியா இறங்கியிருந்தது.

"இன்னைக்குத் தண்ணி நிறுத்துறோம். குழாய் மட்டும் இருக்கட்டும். நாளைக்குக் காலையில யூரியா தானா ஏறலேன்னா, பிடுங்கிடலாம். உங்க வீட்டுக்காரர் பொழச்சுட்டாரும்மா."

இத்தனை நாளாக அவள் கெஞ்சிக் கேட்ட சொல் அது. இப்போது வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. என்ன காரணம் சொல்வது? செத்தவன் தட்டுகிறான் என்றா? வால்டர் அவளையே பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டில்களை இறக்கினார்கள். களகளச் சத்தம் நின்றது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு மணி. ஒன்றரை. எங்கிருந்தோ ஈரக்கல்லின் வாசனை வந்தது. வெடிமருந்தும் வியர்வையும் கலந்த, ஷிப்ட் முடிந்து வரும் ஆளின் சட்டை வாசனை.

சங்கு ஊதியது.

டங்.

காலி ஸ்டாண்ட் நடுங்கியது.

டங்.

இரண்டு என்ற கணக்கு அல்ல. அதே ஒன்றுதான், மறுபடியும். விட்டு விட்டு. கேட்கிறதா என்று கேட்பதுபோல. பதில் வராதவனின் தட்டு அது. சாராவின் கையில் கஞ்சி ஊட்டும் ஸ்பூன் இருந்தது. சின்ன வயதில் தெருவில் விளையாடும்போதுகூட யாராவது குழாயில் தட்டினால் திருப்பித் தட்டிப் பழகிய கை. யோசிப்பதற்குள் அது நீண்டுவிட்டது.

டிங்.

"அய்யோ, இன்னா காரியம் பண்ணிட்டே!" வால்டர் எழப் பார்த்தான்.

ஸ்டாண்ட் அமைதியானது. நெடுநேரம். காற்றுகூட நின்றுவிட்டதுபோல் ஜன்னல் திரை தொங்கியது.

பிறகு, நிதானமாக, அவசரமே இல்லாமல்:

டங். டங்.

மறுநாள் காலை யூரியா ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது. குழாயைப் பிடுங்கி, ஓட்டையைத் தைத்து, டாக்டர் வால்டரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஞானசுந்தரி, "இத்தனை நாள் கூடாதுன்னு வச்ச இளநீர், இனிமே கேட்டா கொடுப்போம், போங்க" என்று கேலி பண்ணினாள். வால்டர்கூடச் சிரித்தான். மத்தியானம் அவன் கைகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, நகத்தையெல்லாம் வெட்டிவிட்டு, சாரா முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

தண்ணீரை முகத்தில் அடிக்கும்போது சங்கு ஊதியது. அவள் ஈர முகத்தோடு ஓடினாள்.

வால்டர் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான்.

டாக்டர் நாகேஷ் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஊசி போட்டார். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்னி நல்லா இருந்ததும்மா. காலையில பார்த்தேன். எல்லாமே நல்லா இருந்தது. என்ன எழுதுறதுன்னே தெரியலை."

சாரா போர்வைக்கு வெளியே கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன் அவள் வெட்டிச் சுத்தம் செய்த நகங்கள். பத்தும் கிழிந்திருந்தன. சதைக்குள் சாம்பல் நிறக் கல்தூள் ஏறியிருந்தது.

எதையோ தோண்டியதுபோல.

அதற்குப் பிறகு சாரா சுரங்க ஆபீஸுக்கு ஆறு தடவை போனாள். அந்த இடத்தைத் திறந்து தோண்டுங்கள், அங்கே ஆள் இருக்கிறான் என்றாள். சிமெண்ட் போட்டு அடைத்தாகிவிட்டது, வருஷம் ஒன்றாயிற்று, பிறகு இரண்டாயிற்று என்றார்கள். ஆறாவது தடவை கிளார்க் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "யாரும்மா சொன்னாங்க ஆள் இருக்குன்னு?" என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பழனியம்மாவிடம் உண்மையைச் சொல்ல ஒருமுறை ஆண்டர்சன்பேட்டை வரை நடந்தாள். வீடு பூட்டியிருந்தது. ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊருக்கே போய்விட்டாளாம், தம்பி வீட்டுக்கு.

சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் சாராவின் சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் இரண்டு மணிச் சங்கு அடங்கியதும் அந்தக் குழாய் தட்டும். இரண்டு தட்டு. ஒன்று கனமாக, ஒன்று சற்று மெதுவாக. மெதுவான அந்தத் தட்டை அவளுக்குத் தெரியும். கதவைத் தட்டும்போதும் வால்டர் அப்படித்தான் தட்டுவான். குழாயில் சாக்கைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்பூனைத் துணியில் முடிந்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். எத்தனை கேட்டாலும் பதில் கொடுப்பதில்லை என்று இருந்தாள்.

நேற்றும் சங்கு ஊதியது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் மனதுக்குள் எண்ணினாள்.

ஒன்று.

இரண்டு.

எழுந்து பானையைத் தூக்கப் போனாள்.

டிங்.

மூன்றாவது தட்டு மெலிதாக, ஸ்பூன் பட்டதுபோல இருந்தது.

சாவியைத் தேடி எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. பெட்டியின் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. துணி முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. அவளே அவிழ்த்தாள். ஸ்பூன் இருந்தது. அதன் குழியில் சாம்பல் நிற வண்டல், இன்னும் ஈரம் காயாமல்.