நாலாவது கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது யார்?

"அனுமோளை இண்ணைக்கே வேலையை விட்டு நிறுத்தப் போறேன் சாரே. அதுக்கு முன்ன நீங்க ஒருக்கா வந்து பாத்தா எனக்க மனசு ஆறும்."

பாறசாலையில் ஆன்லைன் சேவை மையம் நடத்தும் ஷீஜா மூச்சு வாங்கியபடி சொன்னாள். சைபர் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற ராஜதாஸ் தன் வீட்டுத் திண்ணையில் நிதானமாகச் செருப்பைத் தேடினார். துப்பறியப் போவதென்றால் சோறும் வேண்டாம் என்கிற பக்கத்து வீட்டு லிஜின் அதற்குள் ஆட்டோவைக் கிளப்பிவிட்டான்.

விஷயம் இதுதான். மையத்தில் எந்த அரசுப் பக்கத்தைத் திறந்தாலும் கூடவே ஒரு சூதாட்ட விளம்பரம் குதித்தது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வந்த பூவாறு நிக்கோலஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். பிரவுசரில் வேலை சுளுவாக நடக்கட்டும் என்று பிளகின் எனப்படும் சின்னத் துணைநிரல்களை ஏற்றுகிறவள் அனுமோள்தான். வேறு யாரைச் சொல்வது?

"நான் ஏத்துனது எல்லாம் ஒங்கள்ட்ட சொல்லிட்டாக்கும் ஏத்துனேன் அக்கா. இது நான் இல்ல." மூவரும் மையத்துக்குள் நுழைந்ததுமே அனுமோள் எழுந்து வந்து சொன்னாள். ஆரியங்கோட்டில் அவள் வீடு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அது தெரிந்திருந்ததால் ஷீஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜதாஸ் நான்கு கம்ப்யூட்டர்களையும் பார்த்தார். நான்கிலும் தமிழும் மலையாளமும் தட்டச்சு செய்ய உதவும் அதே ஒரு பிளகின் உட்கார்ந்திருந்தது. அதை நிறுத்தியதும் விளம்பரமும் நின்றது.

"ஆளு கிட்டியாச்சு சாரே!" லிஜின் துள்ளினான். "ரெண்டு பாஷையும் அடிக்கியது இவதானே!"

"எலே, பொறு. இந்த நாலாவது கம்ப்யூட்டர் எப்ப வந்தது?"

"முந்தாநாள்," என்றாள் ஷீஜா. "அனுமோள் லீவு. அவளுக்க சித்தி மகளுக்குக் கல்யாணம்."

"இதுல விளம்பரம் எப்ப வந்தது?"

"அண்ணைக்கே..." ஷீஜா பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ இவ ஏத்தல. காலையில இதையெல்லாம் திறக்கியது ஆரு?"

"நானாக்கும். பிரவுசரை எனக்க அக்கவுண்டுல திறந்தா தேவையான பக்கமெல்லாம் தயாரா நிக்கும்."

"அதே அக்கவுண்டு வேற எங்க உண்டு?"

"வீட்டு லேப்டாப்புல."

"அங்க ஏத்துன பிளகின், அந்த அக்கவுண்டைத் திறக்கிற இடத்துக்கெல்லாம் பின்னாலயே வந்துடும். வீட்டுல இதை எதுக்கு ஏத்துனீங்க?"

ஷீஜாவின் முகம் வெளுத்தது. கோயில் திருநாள் நோட்டீஸை இரு பாஷையிலும் அடிக்க அவள்தான் அவசரத்தில் அதை ஏற்றியிருந்தாள். திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்க, மாற்ற அந்தப் பிளகின் அனுமதி கேட்டது. படிக்காமலே சம்மதித்துவிட்டாள்.

"இனி ஒரு பிளகினும் உள்ள வராதபடி பூட்டிடுங்க சாரே."

"பூட்டினா எல்லைக்கு அந்தப் பக்கத்துக் களியக்காவிளைக்காரங்களுக்குத் தமிழ்ல எப்படி அடிச்சுக் குடுப்பீங்க? ஏத்துற உரிமையை ஒரே ஆளுக்குக் குடுங்க. பிளகினைச் செஞ்சது ஆரு, என்ன அனுமதி கேக்குதுன்னு அந்த ஆளு பாக்கட்டும். நல்லதுன்னா எல்லாத்துலயும் ஒண்ணா ஏத்தலாம்."

ஷீஜா அனுமோளின் கையைப் பிடித்தாள். "தப்பு எனக்கதாக்கும் மக்கா. பொறுத்துக்க. அந்த ஆளு நீயா இருப்பியா?"

அனுமோள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"இருக்கேன். அப்போ முதல்ல ஒங்களை லாக் அவுட் செய்யட்டா அக்கா?"