மூன்றாவது சிவப்புக் குறி

பூனைக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது எட்டிப் பார்ப்பதில்லை. அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சத்தமே இல்லாமல் நடக்கப் பழகிவிட்டாள். அவள் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் திரும்பி, அப்பா இரண்டு தடவை தேநீரைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். இரண்டாவது தடவை கொட்டியபோது அவர் வைத்த பெயர்தான் பூனை.

அப்பா லாரி ஓட்டுநர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். அம்மாவுக்குப் போனில் பேசும் வேலை. வாஷிங் மெஷின் மக்கர் செய்தால் ஓர் எண்ணுக்குக் கூப்பிடுவார்கள் அல்லவா? அந்தப் பக்கம் தேன் குரலில் "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்பவர் பூனையின் அம்மா.

முன்பெல்லாம் அம்மா விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். கழுத்தில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, பூனை தனியாகச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள். சுவர் பதிலா சொல்லும்?

இப்போது அம்மா நான்கடி தூரத்தில் இருக்கிறார். ஆனால் கூத்தைக் கேளுங்கள், பேசக் கூடாது! வீட்டுச் சத்தம் போனில் கேட்டால் அம்மாவுக்கு ஒரு சிவப்புக் குறி விழும். மூன்று குறி விழுந்தால் மறுபடியும் அலுவலகம், மறுபடியும் சாவி, மறுபடியும் சுவர்.

ஏற்கெனவே இரண்டு குறி விழுந்தாயிற்று. முதலாவது, மிக்ஸியால். இரண்டாவது, நம் பூனையால். நோட்டின் மேல் பல்லி விழுந்ததும் அவள் "ஐயோ, பல்லி!" என்று கத்தினாள். போனில் இருந்த பெண்மணி, பல்லி தன் மெஷினுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்து அவரும் அலறிவிட்டார்.

அதன் பிறகு அம்மாவும் மகளும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள். உதட்டில் விரல் என்றால் பேசாதே. காதை இழுத்தால் தண்ணீர் வேண்டும். தலையில் கை வைத்தால், போனில் இருப்பவர் கோபமாக இருக்கிறார்.

அன்று பள்ளி விடுமுறை. காலை பதினொரு மணி இருக்கும். பூனை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா ஒரு கையைத் தலையில் வைத்தார். சரி, கோபக்காரர். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கையும் தலைக்குப் போனது. பூனைக்குத் திக்கென்றது. அப்படி ஒரு சைகையே இதுவரை கிடையாதே!

"உங்க சிரமம் புரியுது சார். கீழே வலது பக்கம் ஒரு சின்ன மூடி..." என்றார் அம்மா.

"பதினோரு ஜெர்சி! பன்னிரண்டு மணிக்கு மேட்ச்!" என்று ஹெட்போனிலிருந்து ஒரு குரல் கொசுவைப் போலக் கீச்சிட்டது.

அதே நொடியில், அதே வார்த்தைகள், ஜன்னல் வழியாகவும் இடிபோல வந்து விழுந்தன. "பதினோரு ஜெர்சி! பன்னிரண்டு மணிக்கு மேட்ச்!"

பூனையின் கையிலிருந்த பென்சில் நழுவியது. அம்மா வெளிறிப்போய் மேலே கூரையைக் காட்டினார். மேல் வீட்டு மாமா! ஊரில் இத்தனை வாஷிங் மெஷின் இருக்க, அவருடைய மெஷினா அம்மாவிடம் வந்து சேர வேண்டும்?

மாமா கால்பந்துப் பயிற்சியாளர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குப் பேசியே பழகியவர். போதாக்குறைக்குக் காலையிலிருந்து அவருடைய விசிலைக் காணோமாம். மாடிப்படியில் பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். விசிலின் வேலையையும் சேர்த்து இப்போது தொண்டைதான் செய்தது.

பூனை பாய்ந்து ஜன்னலை மூடினாள். குரல் கொஞ்சம் குறைந்தது. உடனே கூரை அதிர்ந்தது. டம்! டம்! மாமா காலால் தரையை உதைக்க ஆரம்பித்துவிட்டார்.

இது பதிவாகிவிட்டால்? மூன்றாவது குறி! அம்மாவோ பேச்சை நிறுத்தவும் முடியாது, போனை வைக்கவும் முடியாது. சொன்ன மூடியைப் பற்றியே நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கேட்டால்தானே!

கத்தினால் குறி. சும்மா இருந்தாலும் குறி. பூனை ஒரு கணம்தான் யோசித்தாள். செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மாமா வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வட்டக் கண்ணாடிக் கதவுக்குள் பாதித் தண்ணீர், அதில் ஜெர்சிகள் மிதந்தன. மெஷின் மேல் இருந்த போனில், ஒலிபெருக்கியில், அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க..."

"என்னத்தக் கேக்கறது? கதவு திறக்கலன்னு பத்து நிமிஷமா சொல்றேன்! உங்களுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?"

பூனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் புலி மாதிரி இருக்கும் அம்மாவை இப்படிக்கூடத் திட்டுவார்களா? தினமும் அம்மா காதில் விழுவது இதுதானா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு, மாமாவின் எதிரில் போய் நின்று உதட்டில் விரலை வைத்தாள்.

எங்கிருந்து முளைத்தாள் என்றே மாமாவுக்குப் புரியவில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"மாமா, முதல்ல பிளக்கப் பிடுங்குங்க. கீழே வலது பக்கம் பாருங்க, ஒரு சின்ன மூடி இருக்கும்" என்றாள் மெதுவாக.

போனில் பேச்சு மூச்சே இல்லை. அங்கே அம்மாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நான்கடி தூரத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள், மேல் வீட்டிலிருந்து போனில் பேசுகிறாள்! ஒன்று, இரண்டு, மூன்று என்று பூனை எண்ணினாள். ஐந்து விநாடிக்கு மேல் அம்மா மௌனமாக இருப்பதும் தப்புதான்.

நான்கில் குரல் வந்தது.

"சார், உங்க... உங்க பக்கத்துல இருக்கிற மேடம் சொல்றது ரொம்பச் சரி."

மேடமா! பூனைக்குச் சிரிப்பதா விழிப்பதா என்று தெரியவில்லை.

"மேடம், தண்ணி சூடா இருக்கான்னு கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்க. சூடு இல்லேன்னா அடியில ஒரு தட்டு வச்சு, மூடியை சார் மெதுவா திருகட்டும்."

"சூடா இல்ல, அம்... மேடம்!"

மாமா திருகினார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. ஆறு தடவை தட்டை மாற்றினார்கள். கடைசியில் மாமா உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தார். கறுப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் விசில்!

"அட, என் விசில்! ஜெர்சியோட சேத்துப் போட்ட டிரவுசர் பையிலயே விட்டுட்டேனா?"

அது அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வெளியே போகவில்லை. தண்ணீர் போகாததால் கதவு திறக்கவில்லை. மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகியதும் கதவு 'க்ளக்' என்று திறந்துகொண்டது. மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசிலை உதறி, வாயருகே கொண்டுபோனார்.

பூனை ஒரே தாவாகத் தாவி அவர் வாயைப் பொத்தினாள்.

"ஊதாதீங்க மாமா! காது போயிடும்!"

"யாரு காது?"

"எங்கம்மா காது. போன்ல இருக்கிறது எங்கம்மா."

மாமா போனைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவர் முகம் வேகவைத்த பீட்ரூட் ஆனது.

"கீழ் வீட்டுத் தங்கச்சியா? ஐயையோ! அவங்கன்னு தெரியாம கத்திட்டேனே!"

"வேற யாராவதா இருந்தா கத்தலாமா மாமா?"

மாமா போனை எடுத்து, வாழ்நாளில் பேசாத மெல்லிய குரலில், "நன்றிங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

பூனை கீழே வந்தபோது அம்மாவின் கைபேசி அலறியது. மேலாளர்! பேச்சை இடையிடையே நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அம்மா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"இடையில ஒரு சின்னப் பொண்ணு குரல் கேட்டுச்சே, யார் அது?"

அம்மா பொய் சொல்லவில்லை. "என் பொண்ணு மேடம்."

"ரெண்டு குறி ஏற்கெனவே இருக்கு. உங்களுக்கே தெரியும்..."

சாவியும் சுவரும் பூனையின் கண் முன்னால் வந்து நின்றன. வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள். போனில் அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"மேடம், எங்க வீட்டுச் சத்தம் கேட்டாத்தானே குறி? நான் பேசினது எங்க வீட்டுல இருந்து இல்லையே. வாடிக்கையாளர் வீட்டுல இருந்துல்ல பேசினேன்?"

அம்மா இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த டம் டம்?" என்றது குரல்.

"அதுவும் வாடிக்கையாளர்தான் மேடம். அவரோட கால்."

மேலாளர் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறும்வரை சிரித்தார். "வாடிக்கையாளர் வீட்டுச் சத்தத்துக்குக் குறி போடச் சொல்லி விதியில எங்கேயும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஓசையில்லாமல்தான். அடுத்த அழைப்பு வந்துவிட்டதே!

மாலை ஆறு மணிக்கு அம்மா ஹெட்போனைக் கழற்றினார். நாற்காலியைப் பூனையின் பக்கம் திருப்பி, அதே தேன் குரலில் கேட்டார். "வேற ஏதாவது உதவி தேவைப்படுதா மேடம்?"

"ஆமா. காலையிலேர்ந்து சேத்து வச்ச பேச்சு நிறைய இருக்கு. குறுக்கே பேசாம கேக்கணும்!"

பூனை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஜன்னல் திறந்திருந்தது. என்ன இவ்வளவு சத்தம் என்று மேல் வீட்டு மாமாவே எட்டிப் பார்த்தார்.