ஒரு கிழமைத் துண்டு

"நிறம் பாக்க வரச் சொன்னால், நிறம் பூசிக்கொண்டு வந்திருக்கிறியளே!"

ஆஸ்பத்திரி மேசையிலிருந்து தவணைத் துண்டு எழுதும் இளைஞன் உரக்கச் சொல்லிவிட்டான். வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அருந்ததிக்குக் காது மடல்வரை சுட்டது.

அவள் செய்த குற்றம்தான் என்ன? ஐந்து வயதுப் பூரணம் இரத்தம் குறைந்து வெளிறிப்போயிருந்தாள். மருந்து குடித்து நிறம் திரும்பியதா என்று டொக்டர் இன்று பார்க்க வேண்டும். போன முறை கூட்டிவந்த தாய் ஞானாம்பிகை இப்போது பிள்ளை பெற்று, துடக்கு என்று வெளியே வராமல் படுத்திருக்கிறாள். அதனால் தங்கை அருந்ததி விடியவே எழும்பி, பிள்ளையை நல்லநாளுக்குப் போல மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, மருந்துப் போத்தலையும் கழுவி எடுத்துக்கொண்டு சுன்னாகத்திலிருந்து வண்டியில் வந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு அழுக்கோடையே கூட்டி வாறது?" என்று வெடித்தாள்.

"ஐயோ, கோவிக்காதேங்கோ... கிணத்தடி பக்கத்திலைதான். நான் தண்ணி அள்ளித் தாறன்."

தூறலில் நனைந்தபடி அள்ளித் தந்தான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... திட்டத்தான் நினைத்தாள். பிள்ளையைக் குனியவைத்துத் தண்ணீரை ஏந்தினாள்.

கன்னத்தைத் தேய்க்கத் தேய்க்கப் பூரணம் வீட்டுக் கதையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். "எனக்குத் தம்பி பிறந்திருக்கு. முப்பத்தொண்டு போனால் துடக்குக் கழியும். பிறகு அம்மாதான் என்னைக் கூட்டி வருவா. சின்னம்மா வரமாட்டா."

அவன் வாளியைப் பிடித்தபடி நின்றான். "இப்ப எத்தினை நாள்?"

"எட்டு" என்றாள் அருந்ததி. இதையெல்லாம் ஏன் கேட்கிறான்?

டொக்டர் பிள்ளையைப் பார்த்து, அடுத்து வரவேண்டிய தவணையை ஆங்கிலத்தில் புத்தகத்தில் எழுதினார். அதைப் பார்த்துத் துண்டில் தமிழில் எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அருந்ததி மேசைக்கு வந்தபோது, நேர்ஸ் யசிந்தா அதில் சாய்ந்துகொண்டு, "லிங்கம்... இதைக் கேளுமன் லிங்கம்!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லிங்கமாம்! என்ன உரிமை... காலையில் முகம்கூடத் தெரியாத ஒருவனுக்காக வயிறு எரியுமா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அவன் நீட்டிய துண்டைப் பறித்துக்கொண்டு நடந்தாள். "ஒரு கிழமை" என்று எழுதி, கீழே பஞ்சலிங்கம் என்று ஒப்பமிட்டிருந்தான்.

அந்த ஏழு நாளும் யசிந்தாவின் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை. தவணை நாளில் பிள்ளைக்கு மஞ்சள் இல்லை, வெறும் தண்ணீர்தான். ஆனால் சின்னம்மாவுக்குப் புதுச் சேலை, பவுடர், கொண்டையில் மல்லிகை...

"ஆஸ்பத்திரிக்குப் போறது பிள்ளையோ, நீயோ?" என்று அறைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள். அருந்ததி காதில் விழாதது போலப் பிள்ளைக்குப் பாடம் சொன்னாள்.

"கண் இமையை இழுத்துப் பாத்தால் அழக் கூடாது."

"ஓம், சின்னம்மா."

"அந்த நேர்ஸ் மிஸ்ஸி இனிப்புத் தந்தால்... வாங்காதை!"

"ஏன்?"

"அது... பல்லுக்குக் கூடாது."

ஆஸ்பத்திரியில் துண்டை வாங்கியது யசிந்தாதான். புத்தகத்தைப் புரட்டியவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"டொக்டர் ஒரு மாதம் எண்டெல்லோ எழுதியிருக்கிறார்! ஆர் இதிலை ஒரு கிழமை எண்டு எழுதினது? லிங்கம்!"

அருந்ததிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேண்டுமென்றே அலைக்கழித்திருக்கிறான்... மஞ்சள் பூசி வந்த பட்டிக்காட்டுப் பெண்ணை வைத்து இரண்டு பேரும் எப்படிச் சிரித்திருப்பார்கள்! பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கிணற்றடியில் அவன் ஓடிவந்து மறித்தான்.

"நில்லுங்கோ! தெரிஞ்சுதான் பிழையா எழுதினனான்."

"அவவோடை சேந்து சிரிக்கவோ?"

"யசிந்தாவோடையோ?" அவன் திகைத்தான். "அவவுக்குத் தையிலை கலியாணம். பண்டத்தரிப்பிலையிருந்து மாப்பிள்ளை எழுதுற காயிதத்தை எங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டிச் சிரிக்கிறவ..."

அருந்ததியின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, "அப்ப ஏன் எழுதினனீங்கள்?" என்றாள்.

அவன் ஈர மண்ணைப் பார்த்தான். "ஒரு மாதம் எண்டு எழுதினால் துடக்குக் கழிஞ்சிடும். அக்காதான் கூட்டி வருவா. பிறகு உங்களை நான் எங்கை போய்ப் பாக்கிறது?... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வேறை என்ன சொல்ல?"

மழை இருவரையும் நனைத்தது. ஒதுங்கத் தோன்றவில்லை.

"சின்னம்மா, இப்ப மிஸ்ஸியிட்டை இனிப்பு வாங்கலாமே?"

"வாங்கு, குஞ்சு" என்றாள் அருந்ததி. பூரணம் உள்ளே ஓடினாள். பிறகு அருந்ததி அவனை நிமிர்ந்து பாராமலே சொன்னாள்: "துடக்குக் கழிய, ஆள் விட்டு வீட்டிலை கேளுங்கோ."

"ஓம்!"

"இன்னொண்டு..."

"சொல்லுங்கோ."

"கலியாணம் பேசினவவோ, பேசாதவவோ... இனி அந்த மேசையிலை ஒருத்தியும் வந்து சாயக் கூடாது."