கடப்பாக்கத்து விலாசம்

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமியார் பொன்னி சன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டான்லி, ஷேர் ஆட்டோவை அப்போதுதான் நிறுத்திவிட்டு வந்தவன், மின்விசிறிக்கு நேர் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தான். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா மூவருக்கும் முதுகைக் காட்டியபடி அடுப்படியில் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

டிவியின் மேல் இருந்த ஸ்டான்லியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பினான். திரையில் அவன் மனைவி ஜெனிட்டாவின் பெயர். அவளுடைய போனோ அரிசி டப்பாவின் மேல் சார்ஜில் கிடந்தது. மத்தியானத்திலிருந்தே அதில் சிக்னல் இல்லை.

ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, டீ குடிச்சியா? அத்தைக்குக் கால் வலி இப்ப எப்டி கீது?"

ஜெனிட்டாவின் குரல். மழைக்காலத்தில் மூக்கடைத்துக்கொண்டால் வரும் அந்தக் கரகரப்பு, வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து விடும் பழக்கம், எல்லாம் இருந்தது. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. போனுக்குள்ளும் எங்கோ தூரத்தில் ஒரு குக்கர், ஒரு மூச்சு தாமதமாக, விசில் அடித்தது. இணைப்பு அறுந்தது.

சின்னப்பொண்ணுதான் முதலில் சிரித்தாள். "இன்னாடி, இங்க நின்னுகினு அங்கேந்து பேசுற? வூட்டுக்குள்ள புருசன்கிட்ட பேச வெக்கமா?"

ஸ்டான்லியும் சிரித்தான். லைன் ஏதோ குழம்பியிருக்கும் என்றான். ஜெனிட்டா மட்டும் இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூடித்தான் இருந்தது.

மறுநாள் திருப்போரூரில் ராமதாஸின் செல்போன் கடைக்குப் போனாள். அவர் போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நேற்று மத்தியானம் நீங்களே வந்து பழைய சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அடையாளக் கார்டைக் காட்டிப் புது சிம் வாங்கிப்போனீர்களே என்றார். நேற்று மத்தியானம் மறைமலைநகரில் கம்பெனி கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் இருந்தது அவள்தான். நெற்றி, மூக்குத்தி இல்லாத மூக்கு, சற்றே ஏறிய வலது புருவம். பச்சைப் புடவை, அப்படி ஒரு புடவை அவளிடம் இல்லை. வாய் பாதி திறந்திருந்தது, எதையோ சொல்லத் தொடங்கியதுபோல. அந்த வாயை அவளுக்குத் தெரியும். எங்கே பார்த்தோம் என்று யோசித்தபோது பிரியாணி வாசனை நினைவுக்கு வந்தது.

சைட் வேன். மனை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்கு வேன் அனுப்புவார்கள். மனை வாங்க யாரும் போவதில்லை. வேன்காரர்களுக்கும் அது தெரியும். பெண்களெல்லாம் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு ஏறுவார்கள். ஏதோ ஒரு வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டதைப் பார்த்துத் தலையாட்டினால் பிரியாணிப் பொட்டலம், குலுக்கல் கூப்பன், திரும்பும்போது மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு மணி நேரம். கேட்ட இடத்தில் அடையாளக் கார்டு ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். குலுக்கலுக்கு அது வேண்டுமாம். இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் குலுக்கலில் ஜெனிட்டாவுக்கு முதல் பரிசு விழுந்தது. மிக்ஸி. கட்டைவிரலை ஒரு சின்ன மெஷினில் வைக்கச் சொன்னார்கள். பிறகு ஷாமியானாவுக்குள் உட்காரவைத்து, விளம்பரத்துக்கு என்று வீடியோ எடுத்தார்கள்; முடிந்ததும் போட்டுக் காட்டியபோது முதலில் தெரிந்தது அந்தப் பாதி திறந்த வாய்தான். எடுத்த பெண் மிகவும் அன்பாகக் கேட்டாள். வீட்டில் யார் யார், எங்கே எங்கே உட்காருவீர்கள், வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்கள், மாமியாருக்கு உடம்புக்கு என்ன. சொந்த வீடா?

"என் பேர்லதான் பட்டா," என்று ஜெனிட்டா பெருமையாகச் சொன்னாள். காலனியில் முதன்முதலாகப் பட்டா வாங்கியவள் அவள். அதற்கு அலைந்த ஆறு வருடத்தையும் சொன்னாள். இருபது நிமிடம் பேசினாள். வாழ்க்கையில் அதுவரை யாரும் அவளிடம் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ் வழக்கமான நேரத்துக்கே வந்தது. கேட்டில் முகம் பார்க்கும் மெஷின் முன் நின்றாள். சிவப்பு விளக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள். சிவப்பு. செக்யூரிட்டி பெஞ்சமின் ஆறு வருடமாகத் தினமும் அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறவர். மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்க உள்ள போயிட்டீங்களே சிஸ்டர். ஏழே முக்காலுக்கே போயிட்டீங்க. நான்தான் ஸ்தோத்திரம் சொன்னேன்."

அவர் தமாஷ் பேசுகிறவர் அல்ல. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீண்ட கூடம், வரிசை மேசைகள், எண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த நாற்றம், அழுத்தும் எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் அதே தாளம். நான்காவது வரிசை, சன்னலிலிருந்து மூன்றாவது மேசை. அங்கே நீலத் தொப்பி போட்ட ஒருத்தி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பின்கழுத்து தெரிந்தது. தன் பின்கழுத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை; ஆனாலும் ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. குனிந்திருந்தவளின் கை நின்றது. தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.

அது முழுவதும் நிமிரும்வரை ஜெனிட்டா நிற்கவில்லை.

புகார் கொடுக்கப் போன இடங்களில் யாரும் அவளை விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். புகாரைப் பதிய அவளுடைய நம்பருக்கு ஓடிபி போகும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். நம்பர்தான் என்னிடம் இல்லையே என்றாள். அப்படியானால் கட்டைவிரல் வையுங்கள் என்றார்கள். வைத்தாள். பொருந்தவில்லை. தலைமுடியில் தேய்த்துவிட்டு வையுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் எடுக்கும் என்றார் ஒருவர். தேய்த்தாள். வைத்தாள். பொருந்தவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் மிக மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "சரிம்மா. நீங்க யாரு?"

வீட்டில் போன் தினமும் வந்தது. முதல் இரண்டு நாள் ஸ்டான்லி கத்திவிட்டு வைத்தான். மூன்றாம் நாள் எழுந்து வெளியே போய்ப் பேசினான். நான்காம் நாள் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றான்; இருட்டில் அவன் முகத்தில் போன் வெளிச்சம் மட்டும். அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பொன்னியும் பேசினாள். கூச்சமில்லாமல் சொன்னாள்: "அது யாரோ, பேயோ பிசாசோ, எனக்குத் தெரியாது ஜெனி. தெனமும் கால் எப்டி கீதுன்னு கேக்குது. நீ கேக்க மாட்டேன்ற."

வியாழக்கிழமை ஜெனிட்டா பீரோவைத் திறந்தாள். லாக்கரில் பைபிளுக்கு அடியில் பட்டா இருந்த பிளாஸ்டிக் கவர் இல்லை. ஸ்டான்லியைக் கேட்டாள். அவனுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"நீதான கேட்ட."

"நானா, போன்லியா?"

"போன்ல கேட்ட. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கினு போன." அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "வெயிலுன்னு தலைல முந்தானைய போட்டுகினு இருந்த. பச்சைப் பொடவ. எனக்கு எளநீ வாங்கிக் குடுத்தியே."

அன்று இரவு அவன் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூங்கவில்லை. அவள் நகரும்போதெல்லாம் அவன் உடம்பு இறுகியது. அவன் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பது அவளுக்கு விடியற்காலையில்தான் புரிந்தது.

பத்திர வேலை நடக்கும் அலுவலகத்தில் சுஜாதா என்ற பெண் ஊழியர் பொறுமையாகப் பதிவைப் பார்த்துச் சொன்னார். வீடு கைமாறுவதற்கு மனு வந்திருக்கிறது. அதில் ஜெனிட்டாவின் விலாசமும் மாறியிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் ஜெனிட்டா என்பவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்கலாம். நான்தான் ஜெனிட்டா என்றாள். சுஜாதா திரையில் இருந்த முகத்தைப் பார்த்தார். எதிரே ஒரு வாரமாகத் தூங்காத, கன்னம் ஒட்டிய, கண்ணைச் சுற்றிக் கறுத்த முகம். இப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் திரையில் இருந்ததுதான் அதிகம் ஜெனிட்டாவாக இருந்தது. அவருக்கே மனசு கேட்காமல் புது விலாசத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். கடப்பாக்கம்.

மறுநாள் காலை மாமல்லபுரம் போய்ப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தாள். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இறங்கினாள். உப்பங்கழி நாற்றமும் காயும் கருவாட்டின் நாற்றமும் ஒன்றாக வந்தன. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டே இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண் அவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா, இப்பதான பூட்டிகினு போன? எதனா மறந்துட்டியா?"

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தனி வீடு. கதவில் பூட்டு. சன்னல் திறந்திருந்தது. ஜெனிட்டா கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.

சன்னலோரம் ஒரு கட்டில். அதன் தலைமாட்டில் தைலப் புட்டி, சீல் உடைக்காதது. மின்விசிறிக்கு நேர் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. டிவி. அரிசி டப்பா. எல்லாம் புதுசு, எல்லாம் அதே இடத்தில். நாற்காலியின் முதுகில் ஸ்டான்லியின் அளவில் ஒரு சட்டை மடிப்பு கலையாமல் தொங்கியது. யாரும் உட்காரவில்லை. உட்காரப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தது. அடுப்பில் குக்கர். அதன் மேல் இன்னும் ஆவி.

அந்த இன்னொருத்திக்கு வேண்டியது காலனி வீடு மட்டும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழவில்லை. திருப்போரூரில் இறங்கி ஒரு கவரும் கோடு போட்ட தாளும் வாங்கினாள். தபாலாபீஸ் மேசையில், நூலில் கட்டியிருந்த பேனாவால் எழுதினாள். தேதி போட்டாள். பொருள் என்று எழுதி அதை அடித்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாகத் தொடங்கினாள்.

'அன்புள்ள ஜெனிட்டா அவர்களுக்கு. வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எங்கும் புகார் கொடுக்க மாட்டேன். அவர்கள் இரண்டு பேரையும் மட்டும் விட்டுவிடுங்கள். அத்தையின் காலைப் பற்றி இனிமேல் நானே தினமும் கேட்கிறேன்.'

அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தது. பேனா அங்கேயே நின்றது. மை ஊறி ஒரு புள்ளியாகப் பரவியது. அப்படியே மடித்துக் கவருக்குள் வைத்து, மேலே கடப்பாக்கத்து விலாசத்தை எழுதினாள். பசை தடவி ஒட்டினாள். கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள்.

நடுப்பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து கவுன்டர் அப்போதுதான் திறந்திருந்தது. அவள்தான் முதலில் நின்றாள். உள்ளே இருந்த பாலசுப்ரமணியன் கவரை எடைபோட்டார். பெறுபவர் பெயரைத் தட்டினார். அனுப்புநர் பகுதி காலியாக இருக்கிறதே என்றார். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைத் தானே தட்டிக்கொண்டார். ஸ்பீட் போஸ்ட் போகிற விவரம் பெறுபவருக்கு மெசேஜில் போகும், அவர் நம்பர் சொல்லுங்கள் என்றார்.

பதினோரு வருடமாக மனப்பாடமாக இருந்த பத்து எண்களையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

முத்திரை விழுந்தது. கவர் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போனது. அவர் பட்டனை அழுத்தினார்.

அவளுக்குப் பின்னால், பிடரியில் மூச்சுப் படுகிற தூரத்தில், ஒரு போன் மெசேஜ் சத்தம் கொடுத்தது.

வளையல் குலுங்கியது. பை ஜிப் திறந்தது. ஜெனிட்டா திரும்பவில்லை. கவுன்டர் கண்ணாடியில் ஏதோ பச்சையாக அசைந்தது. பாலசுப்ரமணியன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, தெரிந்தவர்களைப் பார்க்கும் சிரிப்போடு, தலையசைத்தார்.

"யம்மா, கொஞ்சம் ஒதுங்கி நில்லு," என்றார் ஜெனிட்டாவிடம். "அவங்க வரட்டும்."