ஆடும் மூடிகள்

"திருடப் போய்ச் செத்தான்னு எழுதிட்டாங்கண்ணே."

வந்தவள் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கிச் செத்து ஐந்து நாள் ஆகிறது. ஜீப்பில் அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளரும் ஓட்டுநரும்தான் முதலில் பார்த்தார்களாம். அந்தத் தெருக் குழாயில் படிந்த மண்ணைப் போன வாரமே இயந்திரம் வாரிவிட்டது, இறங்க வேலையே இல்லை, இரும்பு மூடியைத் திருடப் போனவன் தவறி விழுந்தான் என்பது மேற்பார்வையாளரின் அறிக்கை. பள்ளிக்கூடத்தில் மகளைத் திருடன் பெண் என்கிறார்களாம். அந்தப் பேரைத் துடைத்துக் கொடுத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றாள்.

கழிவுநீர் நிலையத்தில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, இப்போது துப்புத் துலக்கும் மனிதரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிடுவார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் தங்கை புருஷன், முன்னாள் லாரி ஓட்டுநர், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, பிரேக்கே கிடையாதா உமக்கு?"

"உங்களுக்குத்தான் மச்சான், கியரே விழாது."

அவன் செத்த தெருவுக்குப் போய், அந்தக் குழி மூடியின் துளை வழியாக நிதானம் ஒரு நீளக் கம்பியை இறக்கினார். மண்ணில் சிக்கிய கம்பியை இருவரும் சேர்ந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கம்பியில் மண் கறுப்பாக அப்பியிருந்தது. ஒரு வாரத்தில் சேருகிற மண் இல்லை, வருஷக்கணக்கில் இறுகியது. அப்படியானால் இயந்திரம் வரவேயில்லை. மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அது பொய் அறிக்கையைத்தான் காட்டும், ஆளை இறக்கியதைக் காட்டாது என்று நிதானம் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது.

பிறகு எதிரே தையல் கடையில் போய் நிதானம் சும்மா உட்கார்ந்தார். ஒரு வண்டி போயிற்று. தெருவின் மேல்பக்கக் குழி மூடி 'டக்' என்றது, கீழ்ப்பக்கக் குழி மூடியும் 'டக்' என்றது. நடுவில் இருந்த சாவுக்குழியின் மூடி சத்தம் போடவில்லை. ஐந்து நாளாகத்தான் இந்தத் தலைவலி என்று தையல்காரர் சலித்துக்கொண்டார்.

மறுநாள் கழிவுநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர், ஜீப் ஓட்டுநர், அந்தப் பெண் எல்லோரும் இருக்க, நிதானம் பேசினார்.

"இறங்கறதுக்கு முன்னாடி மேல்குழி, கீழ்குழி ரெண்டையும் திறந்து வாயுவை வெளியே விடுவோம். மூடி திருடறவனுக்கு அது எதுக்கு?"

"ஒரு மூடிதான்யா திறந்திருந்துச்சு," என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்க சொல்ற நேரத்துல ஒண்ணுதான். மத்த ரெண்டையும் அதுக்குள்ள மூடியாச்சு. தொழிலாளி மூடினா, மூடி உக்கார்ற விளிம்புப் பள்ளத்து மண்ணைக் கூட்டிட்டுத்தான் மூடியை வைப்பான். கூட்டலேன்னா ஆடும். நடுமூடி ஆடல, பிணத்தை எடுத்த தொழிலாளிங்க மூடினது. மத்த ரெண்டும் அன்னையிலேருந்துதான் ஆடுது. தொழில் தெரியாத கை. ஒரு மூடியைத் தூக்க ரெண்டு பேர் வேணும். அங்க வந்த ரெண்டு பேர் யாருன்னு உங்க அறிக்கையிலேயே இருக்கு."

மேற்பார்வையாளர் உட்கார்ந்துவிட்டார். அறிக்கையை மாற்றி எழுதித் தருவதாக முனகினார். மாப்பிள்ளை வெற்றியோடு அவள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் மலர்ச்சி இல்லை. எழுந்து மேசையருகே போனாள்.

"அவர் உள்ள கிடந்தப்போ, முதல்ல அந்த ரெண்டு மூடியை மூடினீங்களா, அவரைத் தூக்க ஆளைக் கூப்பிட்டீங்களா?"

மேற்பார்வையாளர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை நிதானத்தைப் பார்த்தார். நிதானமோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவருகே நின்ற ஜீப் ஓட்டுநர்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மூடிதாம்மா முதல்ல."